பழைய எண்ணில் வருகிறவர்

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் ஹேவோனைப் பாதி வழியில் ரயிலிலேயே விட்டுவிட்டோம். சியோலில் வேலை பார்க்கும் பெண், அப்பாவின் நினைவு நாள் படையலுக்காகப் பூசானுக்கு வந்துகொண்டிருந்தாள். இடம் பார்த்து உட்கார்ந்ததும் குடும்பக் குழுவில் "கிளம்பிட்டேன்" என்று ஒரு செய்தி போட்டாள். அந்தக் குழுவில் நான்கு பேர். அம்மா கும்ஹீ, தம்பி கிபோம், ஹேவோன், அப்புறம் இரண்டு வருடத்துக்கு முன் இறந்துபோன அப்பா ஜொங்மான்.

அப்பாவைக் குழுவிலிருந்து யாரும் நீக்கவில்லை. யாருக்கு மனம் வரும்? ஒரு செய்தி போட்டால், இன்னும் எத்தனை பேர் படிக்கவில்லை என்று பக்கத்தில் மஞ்சளாக ஒரு எண் நிற்கும். படிக்கப் படிக்க அது குறையும். இந்தக் குடும்பத்தில் மட்டும் எந்தச் செய்தியும் '1'க்குக் கீழே இறங்கியதில்லை. அந்த '1' அப்பா. ஹேவோனுக்கு அதைப் பார்ப்பதில் ஒரு ஆறுதல்கூட உண்டு. படிக்காமல் இருக்கிறார், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்வாள்.

ரயில் தேகு ஊரைத் தாண்டும்போது அந்த '1' அழிந்தது.

"மனுஷியை இப்படியா அந்தரத்தில் விட்டுவிட்டுப் போவது?" என்று என்னைத் திட்டியவர்கள் உண்டு. நியாயம்தான். வாருங்கள், இறக்கிவிடுவோம்.

பூசான் நிலையத்துக்கு வெளியே கிபோம் காருடன் நின்றிருந்தான். யோங்தோ தீவில் அப்பா தொடங்கிய ஒமுக் தொழிற்சாலையை இப்போது நடத்துவது அவன்தான். மீனை அரைத்து, பிசைந்து, எண்ணெயில் பொரித்தெடுக்கும் ஒமுக்கின் வாசம் அவன் சட்டையை விட்டு எந்தச் சோப்புக்கும் போகாது. இன்றைக்கு அதோடு இன்னொரு வாசமும் இருந்தது. கெட்டுப்போன மீன்.

"அக்கா, வீட்டுக்கு அப்புறம் போகலாம். முதல்ல ஃபேக்டரிக்கு வா. அம்மாகிட்ட மூச்சு விடாத."

"நம்ம குரூப்ல அப்பா மெசேஜைப் படிக்கிறார்டா."

"தெரியும். வண்டில ஏறு."

குளிர் அறைக் கதவைத் திறந்ததும் ஹேவோன் மூக்கைப் பொத்திக்கொண்டாள். சுசோக் அறுவடைப் பண்டிகைப் பரிசுப் பெட்டிகளுக்காக அரைத்து வைத்த மீன் மாவு. ஒரு பக்கத் தட்டுகளெல்லாம் காலி. கெட்டதைக் காலையிலேயே கொட்டியிருந்தார்கள். மறுபக்கம் மட்டும் தப்பித்திருந்தது.

"மெஷின் ரிப்பேரா?"

"ரிப்பேர்னா நான் ஏன் உன்னை இங்க இழுத்துட்டு வரேன்? யாரோ நிறுத்தியிருக்காங்க. வெளியில இருந்து."

இந்த அறையின் குளிரை எங்கிருந்தும் போனிலேயே கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். அப்பா ஆசையாக வாங்கிப் போட்டது. மருத்துவமனையில் மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டே குளிர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த மனிதர் அவர். போன் வழியாக யார் அதற்குள் நுழைந்தாலும் இப்போது கிபோமின் போனுக்கு ஒரு வரி வரும். அதில் அப்பாவுக்கு வைத்திருந்த பெயர் 'தலைவர்'. அவன் போனை அக்காவிடம் நீட்டினான்.

"தலைவர் உள்ளே வந்திருக்கிறார்" என்று இருந்தது.

அறையில் குளிர் இன்னும் சரியாக ஏறவில்லை. ஆனாலும் ஹேவோன் கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா பேரை நீ இன்னும் எடுக்கவே இல்லையா?"

"எடுக்கத்தான் போனேன். 'தலைவரை நீக்கவா?'ன்னு கேக்குது. ஆமான்னு அழுத்தக் கை வருமா உனக்கு?"

"சரி, பாஸ்வேர்ட் என்ன வச்சிருந்த?"

"இது என்ன கேள்வி? நம்ம நம்பர்தான்."

நம்ம நம்பர் என்றால் தொழிற்சாலை திறந்த நாள். வீட்டுக் கதவுக்கு, மெயிலுக்கு, போனுக்கு, குளிர் அறைக்கு என்று அப்பா தன் வாழ்நாள் முழுக்க அந்த ஒரே எண்ணோடு குடித்தனம் நடத்தினார். அது என்ன எண் என்று நான் சொல்லப்போவதில்லை. தெரிந்தவர்கள் ஏற்கெனவே வேண்டிய அளவுக்கு மேல் இருக்கிறார்கள்.

காலையில் கிபோமுக்கு ஒரு மெயில் வந்திருந்தது. அப்பாவின் முகவரியிலிருந்தே. பணம் அனுப்ப ஒரு வழி சொல்லி, அடியில் ஒரு வரி: அடுத்த முறை மொத்தமும்.

"இன்னொரு தடவை இது நின்னுச்சுன்னா மிச்ச சரக்கும் காலி. பண்டிகைக்குச் சரக்குக் குடுக்காதவன்கிட்ட அப்புறம் எவன் வாங்குவான்? ஃபேக்டரியை இழுத்து மூடிட்டு நான் மீன் பிடிக்கப் போக வேண்டியதுதான்."

"உனக்குப் படகைப் பாத்தாலே வாந்தி வரும்."

"அதான் கவலையே."

இருவரும் சிரிக்கப் பார்த்தார்கள். வரவில்லை.

ஹேவோன் சியோலில் பார்க்கும் வேலையே இதுதான். அடுத்தவர் கம்பெனிக் கம்ப்யூட்டர்களில் எந்தக் கதவு திறந்து கிடக்கிறது என்று தேடிப் பூட்டுவது. வீட்டில் அவளுக்கு வைத்திருக்கும் பேர் பூட்டுக்காரி. ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்து "அந்த நம்பரை மாத்துங்க" என்பாள். எல்லோரும் தலையாட்டிக்கொண்டே சூப்பைக் குடித்து முடிப்பார்கள்.

"போலீஸ்ல சொன்னியா?"

"சொன்னேன். எழுதிக்கிட்டாங்க. அந்த மெயிலை அழிக்காதீங்கன்னாங்க."

அங்கேயே நின்றபடி குளிர் அறைக்கு நீளமாக ஒரு புதுப் பாஸ்வேர்ட் போட்டாள். அதைப் பார்த்த கிபோமுக்கு விழி பிதுங்கியது.

"இது பாஸ்வேர்டா, இல்ல பூனை கம்ப்யூட்டர் மேல நடந்துச்சா?"

"ஞாபகம் வச்சுக்கோ. அப்பா பேரையும் இப்பவே எடுத்துடு."

"நாளைக்கு எடுத்துடறேன் அக்கா. நினைவு நாளன்னைக்கா அப்பாவை நீக்கறது?"

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் ஹேவோன் விட்டிருக்க மாட்டாள். அந்த மஞ்சள் '1' அவள் கண் முன்னால் வந்து நின்றது. சரி என்று சொல்லிவிட்டாள். பாவம், பூட்டுக்காரியும் ஒரு வீட்டின் மகள்தானே.

"வீட்டுக் கதவு நம்பரையும் இன்னைக்கே மாத்தணும்."

"அதை அம்மாகிட்ட நீயே பேசிக்கோ. நான் அந்த ஆட்டத்துக்கு வரல."

வீடு பன்னிரண்டாவது மாடியில். கதவில் எண்ணை அழுத்தியதும் பூட்டு உற்சாகமாக ஒரு பாட்டுப் பாடித் திறந்தது. யார் அழுத்தினாலும் அதற்கு அதே உற்சாகம். தண்ணீர் வடிகட்டியைச் சரிபார்க்க வரும் பெண்ணுக்கு அந்த எண் தெரியும். கிம்சி ஊறுகாய் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும் சித்திக்குத் தெரியும். ஒருமுறை மெத்தை கொண்டுவந்த ஆளுக்கும் அம்மா போனிலேயே சொல்லியிருக்கிறாள்.

"வந்துட்டியா? கையைக் கழுவிட்டு வா, இந்தப் பூசணித் துண்டைத் திருப்பிப் போடு. உன் தம்பியை மரம் மாதிரி நிக்க வேணாம்னு சொல்லு." அடுப்பைப் பார்த்துக்கொண்டே கும்ஹீ பேசினாள். மாவில் தோய்த்த மீனும் பூசணியும் எண்ணெயில் பொரிந்துகொண்டிருந்தன. மேசையில் பேரிக்காய், ஆப்பிள், இலந்தை, உரித்த செஸ்நட் எல்லாம் தயார்.

அம்மா இப்படித் துள்ளலாக இருந்து ஹேவோன் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. தலையை அழகாக வாரி, உதட்டில் லேசாகச் சாயம்கூடப் பூசியிருந்தாள்.

பையை வைக்க அப்பாவின் அறைக்குப் போனவள், வாசலிலேயே காலைப் பின்னுக்கு இழுத்தாள். தரை சுட்டது. பனிக்காலத்தில் தரைக்கு அடியில் வெந்நீர் ஓடவிட்டு வைப்பார்களே, அந்தச் சூடு. வெளியே செப்டம்பர் மாதப் புழுக்கம்.

"அம்மா, இந்தப் புழுக்கத்துல எதுக்கு அப்பா ரூமுக்குச் சூடு போட்டிருக்க?"

"நான் போடலையே."

"பின்ன யாரு போட்டா?"

கும்ஹீ அடுப்பை அணைத்தாள். முகத்தில் ஒரு வெட்கம். கல்யாணமான புதிதில் இருந்திருக்கக்கூடிய வெட்கம். "சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லல. அவர்தான்டி. உங்க அப்பா."

அம்மா தன் போனை எடுத்து நீட்டினாள்.

கோடையில் ஒருநாள் அப்பாவின் பெயரிலிருந்து "சாப்பிட்டியா?" என்று வந்திருக்கிறது. அம்மா முதலில் போனைத் தூக்கி அரிசி ஜாடிக்குள் போட்டு மூடினாளாம். மறுநாள் எடுத்துப் பார்த்து, "சாப்பிட்டேன். நீங்க?" என்று பதில் எழுதியிருக்கிறாள். அதற்குப் பிறகு தினமும். முட்டி வலி, சித்தியோடு சண்டை, கிபோம் கல்யாணம் செய்துகொள்ளாத வருத்தம், எல்லாம் அதில் இருந்தது. ஒருநாள் "உங்க ரூம் தரை சில்லுனு கிடக்கு, மனசுக்கு என்னவோ பண்ணுது" என்று எழுதியிருந்தாள். மறுநாள் காலை தரை சுட்டிருக்கிறது.

"யார்கிட்டயும் சொல்லாதன்னு அவர்தான் சொன்னார். சொன்னா வர்றது நின்னுடுமாம்."

ஹேவோன் செய்திகளை மேலே தள்ளிக்கொண்டே போனாள். ஒரு செய்தியில் விரல் நின்றது. "இன்னைக்கு அந்த நீல ஸ்வெட்டர் உனக்கு நல்லா இருக்கு."

"அம்மா, நீ நீல ஸ்வெட்டர் போட்டிருந்ததை அவர்கிட்ட சொல்லியிருந்தியா?"

"எதுக்குச் சொல்லணும்? அவர்தான் பாக்கறாரே. அதுக்குத்தான் இப்பல்லாம் எந்திரிச்சதும் தலை வாரிட்டு அப்புறம் பதில் போடறேன்."

ஹேவோன் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே சுவரில் பதித்த பலகை இருந்தது. வளாகத்தில் எல்லா வீட்டிலும் இருப்பதுதான். கதவு மணி அடித்தால் வெளியே நிற்பவர் முகம் அதில் தெரியும். விளக்கு, தரைச் சூடு, காவல் அறையோடு பேச்சு, எல்லாம் அதன் வழியாகத்தான். காவல்காரர் குரல் வரும்போது அதன் ஓரத்தில் பச்சை விளக்கு ஒன்று எரியும். மேலே, அரிசி அளவுக்கு ஒரு கேமரா.

கிபோமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சட்டென்று நகர்ந்து அம்மாவை மறைத்துக்கொண்டு நின்றான்.

ஹேவோன் மருந்துப் பெட்டியிலிருந்து காயத்துக்கு ஒட்டும் பட்டியை எடுத்துக் கேமரா மேல் ஒட்டினாள். பிறகு வளாக அலுவலகத்துக்குப் போன் செய்தாள். நாளைக்குத்தான் ஆள் வரும், அதுவரை பிடுங்கக் கூடாது, தீ எச்சரிக்கையும் அதில்தான் இருக்கிறது என்றார்கள்.

"இது அப்பா இல்லம்மா. எவனோ ஒருத்தன். நம்ம நம்பரைக் கண்டுபிடிச்சு அப்பா கணக்குக்குள்ள புகுந்து உக்காந்திருக்கான். அதே நம்பர்லதான் இந்தப் பலகையும் இருக்கு, ஃபேக்டரி குளிர் அறையும் இருந்துச்சு. நேத்து ராத்திரி அவன்தான் அதை நிறுத்தினது. இன்னைக்கே எல்லாத்தையும் மாத்தணும். கதவையும் சேத்து."

"கதவை மாத்தக் கூடாது."

"அம்மா..."

"அவருக்குப் பழைய நம்பர்தான் தெரியும்!" கும்ஹீயின் குரல் உடைந்தது. "இன்னைக்கு அவர் வர்ற நாள். கதவுகிட்ட வந்து நம்பரை அழுத்துவார். தப்பு தப்புன்னு அந்தப் பூட்டு கத்தும். தன் சொந்த வீட்டு வாசல்ல திருடன் மாதிரி நிப்பாரு உங்க அப்பா. அப்படித்தான் பண்ணணுமா?"

சியோலில் ஹேவோன் எத்தனையோ பெரிய மனிதர்களுக்கு எத்தனையோ விளக்கம் கொடுத்திருக்கிறாள். இப்படி ஒரு கேள்வியை எவரும் கேட்டதில்லை.

"அப்பாவுக்கு மட்டும் தெரிஞ்சதா எதையாவது கேட்டுப் பாரேன்" என்றான் கிபோம்.

"கேக்காம இருப்பேனா? எல்லாம் கரெக்டாச் சொல்றார். நாங்க முதல்ல போன கடற்கரை, உனக்கு அம்மை போட்டது, எல்லாம்."

"அதெல்லாம் குரூப்லயே இருக்கும்மா" என்றாள் ஹேவோன். "வருஷக்கணக்கா நாம எழுதினதை அப்பா மெயில்ல சேமிச்சு வச்சிருந்தார், அத்தனையும் உக்காந்து படிச்சிருக்கான். குரூப்பைத் திறந்தது மட்டும்தான் இன்னைக்கு. உயிரோட இருந்த அப்பாவைப் பத்தி அவனுக்கு எல்லாமே தெரியும்."

கும்ஹீ மேசைப் பழங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அப்புறம் போனை வாங்கி, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.

"நல்ல பீச் பழம் வந்திருக்கு. உங்களுக்கு உயிராச்சே. இன்னைக்குப் படையல்ல வைக்கட்டுமா?"

மூவரும் திரையையே பார்த்தார்கள். காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை.

"கண்டிப்பா வை. எவ்ளோ நாளாச்சு அதைச் சாப்பிட்டு."

பீச் பழம் ஜொங்மானுக்கு உயிர் என்பது உண்மை. ஆனால் படையலில் பீச் பழத்தை வைக்கும் வீடு இந்த ஊரில் எங்கே இருக்கிறது? ஆவியை விரட்டும் பழம் அது. செத்தவர் அந்த வாசத்துக்கு வீட்டுப் பக்கமே வரமாட்டார். பூசானில் கொஞ்ச காலம் குடியிருந்த எனக்கே தெரியும். ஆசைப்பட்டுக் கேட்கிற ஆவியை யாரும் கேள்விப்பட்டதில்லை.

கும்ஹீ போனைக் கவிழ்த்து வைத்தாள். குழாயைத் திறந்து, சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அப்புறம் உதட்டுச் சாயத்தையும் துடைத்தாள்.

"இவ்ளோ நாளா எவனோ ஒருத்தனுக்காக நான் தலை வாரியிருக்கேன்" என்றாள். அவள் அழவில்லை. அழுதது கிபோம்தான்.

"மாத்துடி. எல்லாத்தையும் மாத்து. ஆனா ஒண்ணு. போன்ல வந்தவன் திருடன், ஒத்துக்கறேன். தரை வேற. தரை அவர்தான்."

"அம்மா, தரையும் அந்தப் பலகைலதான்..."

"தரை அவர்தான்" என்றாள் மறுபடியும். ஒரே நாளில் ஒருத்தியிடமிருந்து எவ்வளவைத்தான் பிடுங்குவது?

பிற்பகல் முழுக்க அந்த வேலைதான். மெயிலுக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று, பலகைக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போட்டாள். பலகை ஏற்றுக்கொண்டதா என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகம். சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. கதவுக்குப் போட்ட புது எண்ணை அம்மாவின் காதருகில் சொன்னாள், கிபோமிடம் சொன்னாள். ஏழு இலக்கம். கிபோம் பால்கனியில் போய் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டே அதை மனப்பாடம் செய்தான்.

கடைசியாக அப்பாவின் கணக்கு. அதில் வேறெங்கோ திறந்திருந்த எல்லா இடத்தையும் ஹேவோன் துண்டித்தாள். பிறகு குழுவில் ஒரு புள்ளி மட்டும் வைத்து அனுப்பினாள். அம்மா படித்தாள். கிபோம் படித்தான். பக்கத்தில் '1' நின்றது. அழியவே இல்லை.

"அவன் போயிட்டான்" என்றாள்.

மூவரும் அந்த '1'ஐப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "அப்பா இன்னொரு தடவை செத்துப்போன மாதிரி இருக்கு அக்கா" என்றான் கிபோம்.

அந்தக் காலத்தில் நள்ளிரவில் வைப்பார்கள். இப்போதெல்லாம் எல்லோருக்கும் மறுநாள் வேலை, ரயில். பொழுது சாயும்போதே படையலை விரித்தாகிவிட்டது. அப்பாவின் படம், ஊதுபத்தி, தோல் நீக்கிய ஆப்பிள், உலர்ந்த மீன், சூடான சோறு. வாசல் கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க அப்பாவின் பழைய பூட்ஸ் ஒன்றை இடுக்கில் வைத்தாள் அம்மா. வருகிறவர் வர வேண்டுமே. இது ஒன்றை மட்டும் பூட்டுக்காரியால் தடுக்க முடியவில்லை. தடுக்கவும் அவளுக்கு விருப்பமில்லை.

கிபோம் மதுவை ஊற்றி வைத்தான். விழுந்து வணங்கினார்கள். சோற்றில் கரண்டியைக் குத்தி நிறுத்தினான். விளக்கைக் குறைத்தார்கள். இனி அவர் சாப்பிடுகிற நேரம். வீட்டார் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டும், பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. மகன் தொண்டையைச் செருமி இருமினால்தான் எல்லோரும் திரும்பலாம்.

ஹேவோனும் கிபோமும் ஜன்னல் பக்கம் முகம் வைத்து மண்டியிட்டார்கள். துறைமுகத்தில் ஒரு கப்பலின் விளக்குகள் எரிந்தன. அப்பா இருந்திருந்தால் அது எந்த நாட்டுக் கப்பல் என்று சொல்லியிருப்பார். ஹேவோனுக்கு அழுகை வந்தது. சத்தமில்லாமல் அழுதாள்.

பக்கத்தில் அம்மா இல்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தாள்.

வாசல் பக்கமிருந்து ஒரு முணுமுணுப்பு கேட்டது.

"ஏங்க. கோச்சுக்காதீங்க. நம்பரை மாத்த வேண்டியதாயிடுச்சு. வெளியில நிக்காதீங்க. புது நம்பரைச் சொல்றேன், மனசுல வச்சுக்குங்க." அப்புறம் ஒவ்வொரு இலக்கமாக, காது மந்தமானவருக்குச் சொல்வதுபோல, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஒரு தரம் சொல்லி முடித்து, மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள்.

அம்மா நிற்கும் இடம் ஹேவோனுக்குத் தெரியும். அந்தப் பலகைக்கு நேர் கீழே. தான் ஒட்டியது கண்ணுக்கு மட்டும்தான். அதற்குக் காதும் உண்டே!

ஜன்னல் கண்ணாடியில் கூடம் மங்கலாகத் தெரிந்தது. பட்டி ஒட்டிய பலகையின் ஓரத்தில் பச்சையாக ஒரு புள்ளி எரிந்துகொண்டிருந்தது. காவல்காரர் குரல் எதுவும் வரவில்லை.

இருமல் சத்தம் கேட்டது.

அப்பாடா என்று ஹேவோன் திரும்பினாள். கிபோம் வாயைத் திறக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் இரத்தம் இல்லை.

"நான் இருமல அக்கா."

வாசலில் கும்ஹீ தலையைத் தூக்கிப் பலகையைப் பார்த்தபடி நின்றாள். அவள் முகத்தில் முதலில் ஒரு வெளிச்சம் வந்தது. முப்பத்தைந்து வருடம் பக்கத்தில் படுத்து அந்த மனிதர் இருமியதைக் கேட்டவள் அவள். வந்த வெளிச்சம் அப்படியே அணைந்துபோனது.

"இது உங்க அப்பா இருமல் இல்லை" என்றாள். அப்புறம், யாருக்கோ சொல்வதுபோல, "அப்ப தரையும் அவர் இல்லை" என்றாள்.

பச்சைப் புள்ளி அணைந்தது.

"பரவாயில்லம்மா" என்று எழுந்து ஓடினாள் ஹேவோன். "கதவு நம்பர்தானே, இப்பவே வேற மாத்திடலாம். அவனால வேற எதுவும்..."

"அக்கா." கிபோம் இன்னும் மண்டியிட்டே இருந்தான். "நீ போட்ட அந்தப் பூனை நடந்த பாஸ்வேர்ட் என் மண்டையில நிக்கல. சாயங்காலம் பால்கனியில உக்காந்து மாத்திட்டேன். ரெண்டும் ஒண்ணா இருந்தா மறக்காதேன்னு. குளிர் அறைக்கும் அந்த நம்பர்தான் போட்டிருக்கேன்."

ஹேவோன் அவன் போனை எடுக்கத் திரும்பினாள்.

கும்ஹீ குனிந்து இடுக்கிலிருந்த பூட்ஸை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அவர் உள்ளே வந்துவிட்டாரா, இன்னும் வெளியேதான் நிற்கிறாரா, யாருக்குத் தெரியும்? கதவைத் தன் கையாலேயே இழுத்துச் சாத்தினாள். பூட்டு உற்சாகமாகப் பாடியது.

படையலுக்குப் பக்கத்தில் கிடந்த கிபோமின் போன் ஒருமுறை அதிர்ந்தது. அப்பாவின் படத்தின் மேல் அதன் வெளிச்சம் விழுந்தது. மூவரும் அதைப் படித்தார்கள்.

தலைவர் உள்ளே வந்திருக்கிறார்.